நெரிசல் சாலையில் துடிப்பு ஏறுவது எதனால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். முப்பது பேரை நெரிசலான சாலையில் ஒரு மணி நேரமும் பூங்காவில் ஒரு மணி நேரமும் நடக்க வைக்கும் திட்டம். மணிக்கட்டில் துடிப்புப் பட்டை, பையில் பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) சென்சார், கைபேசியில் ஜி.பி.எஸ். சாலையில் துடிப்பு கூடி, துடிப்பு மாறுபாடு (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி கூடிக் குறைவது) குறைந்தால் அது காற்று மாசின் விளைவு என்று எழுதலாமா?

ம., ஆய்வு மாணவி

அன்புள்ள ம.,

இந்த ஏற்பாட்டை வைத்து அப்படி எழுத முடியாது. சாலையில் சிக்னலுக்கு நிற்பார்கள், பச்சை விழுந்ததும் விரைவார்கள். பூங்காவில் நடை சீராக இருக்கும். வெயிலும் இரைச்சலும்கூட இரண்டு இடத்திலும் வேறு. துடிப்பை முதலில் ஏற்றுவது நடை வேகமும் வெப்பமும்தான். மாசின் பங்கு இருந்தாலும் அதற்கடியில் புதைந்துவிடும்.

மணிக்கட்டுப் பட்டையில் இன்னொரு வில்லங்கம். அது பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. நடக்கும்போது கை வீசுவதும் அதே சமிக்ஞையில் கலக்கும். நிமிடத்துக்கு 100, 110 அடி வைப்பவரின் நடைத்தாளத்தையே பட்டை துடிப்பாக எண்ணிவிடுவது உண்டு. மாறுபாட்டில் சேதம் இன்னும் பெரிது. துடிப்பு இடைவெளி 800 மில்லிவினாடி, ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. (அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடும் மாறுபாட்டு அளவு) 30 என்று வையுங்கள். ஐந்து நிமிடப் பதிவில் சுமார் 375 துடிப்பு. அதில் ஒன்றே ஒன்றைக் கருவி தவறவிட்டால் ஓர் இடைவெளி 1600 ஆகும். ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 65ஐத் தாண்டும். ஒரு துடிப்பு போனதற்கே இரு மடங்கு! ஆகவே மார்புப் பட்டை வாங்குங்கள், இடைவெளிகளைத் திருத்தப்படாத வடிவில் தருவதாகப் பார்த்து. மாறுபாட்டை நடையின்போது அளக்க வேண்டாம். நடைக்கு முன்பும் பின்பும் பத்து நிமிடம் உட்காரவைத்து, கடைசி ஐந்தை மட்டும் எடுங்கள்.

இனி மாசு. மலிவான சென்சார்கள் ஒளிச்சிதறலில் இயங்குபவை; 0.3 மைக்ரானுக்குக் கீழுள்ள துகள் அவற்றுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. டீசல் புகையில் புதிதாகப் பிறக்கும் துகள்களில் பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. போதாக்குறைக்கு, பி.எம். 2.5 ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் மாசு. சாலைக்கும் பூங்காவுக்கும் அதில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு வித்தியாசம் வராமலே போகலாம். வாகனப் புகையைத் தனியே காட்டுவது கருங்கரி (புகைக்கரித் துகள்), மீநுண்துகள் (0.1 மைக்ரானுக்கும் சிறியது), நைட்ரஜன் டை ஆக்சைடு. லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் ஹைடு பூங்காவிலும் ஆஸ்துமா உள்ள 60 பேரை இரண்டு மணி நேரம் நடக்கவைத்த ஆய்வு 2007இல் வந்தது. தெருவில் நடந்த பிறகு மூச்சுத்திறன் கூடுதலாகக் குறைந்தது. அதோடு நெருங்கிப் பொருந்தியவை மீநுண்துகளும் கரியும். கையடக்கக் கருங்கரி அளவி ஒன்றை இரவல் வாங்க முடியுமா பாருங்கள்.

அது கிடைக்காவிட்டால் இருக்கும் சென்சாரையாவது ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். பைக்குள் போடாதீர்கள்; காற்று நுழையும் வாய் மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள், தோள்பட்டை வாரில் இருக்கட்டும். ஆய்வுக்கு முன் இரண்டு வாரமும் முடிந்தபின் சில நாளும் எல்லா சென்சாரையும் அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் அருகே வைத்து ஒப்பிடுங்கள். ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் நீரேறிப் பருத்து, அளவு கூடுதலாகக் காட்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதியாத தரவைப் பிற்பாடு திருத்த வழியில்லை.

கடிகாரங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இத்தகைய ஆய்வுகள் சத்தமில்லாமல் கெடுவது இங்கேதான். ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் நாளுக்கு ஓரிரு வினாடி நகரும். ஒன்று உள்ளூர் நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் பதியும். தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கமானி (அசைவை அளக்கும் உணரி) உள்ள கருவிகளைச் சேர்த்துப் பிடித்து மூன்று முறை மேசையில் தட்டுங்கள். வரைபடத்தில் மூன்று கூர்முனை தெரியும். துகள் சென்சாருக்கு, அணைத்த தீக்குச்சியின் புகையை அருகில் காட்டினால் போதும்.

உயரக் கட்டடங்களுக்கிடையே ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளி, சில சமயம் அடுத்த தெருவிலேயே காட்டும். உங்கள் பாதை ஏற்கெனவே முடிவானது என்பதால் திருப்பங்களில் நேரம் குறித்தாலே போதும்.

ஒரே ஆள் இரண்டு இடத்திலும் நடக்க வேண்டும். பாதிப் பேர் சாலையில் தொடங்கட்டும், மறுபாதி பூங்காவில். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி, அதே கிழமை, அதே நேரம், அதற்குமுன் காபி கிடையாது. வேகத்தை நீங்களே உடன் நடந்து கட்டுப்படுத்துங்கள். டெசிபல் அளவியும் வெப்பமானியும் இல்லாமல் கிளம்பாதீர்கள். வெப்பமானி உடலைத் தொட்டால் உடல் சூட்டைத்தான் சொல்லும்.

ஒரு வினாடிக்கு ஒரு வரி என்று முப்பது பேருக்கு ஒரு நடையிலேயே ஒரு லட்சத்து எட்டாயிரம் வரி சேரும். அவ்வளவு ஆதாரம் இருப்பதாக மென்பொருள் மயங்கும், நீங்கள் மயங்காதீர்கள். உங்களிடம் இருப்பது முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் தனி அடிநிலை கொடுக்கும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையில் கணக்கிடுங்கள். அதற்கு முன்னால் இரண்டே பேரை வைத்து முழு ஒத்திகை நடத்தி, அன்றே தரவைத் திறந்து பாருங்கள். வறண்ட தோலில் மார்புப் பட்டை முதல் சில நிமிடம் தப்பும் தவறுமாகப் பதியும், உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும்.