ஆலையின் இயக்கத்தைக் கணினி வழியே கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பழைய டிசிஎஸ் அமைப்பைப் புதுப்பிக்கும் முன், தொடக்கநிலைப் பொறியியல் பணியில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்?

எந்த நிறுவனத்தின் டிசிஎஸ்ஸை வாங்குவது என்பதற்கு முன்பே, எப்படி மாற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பதே கருவியியல் பொறியாளரான என் பதில். ஒரே ஷட்டவுனில் முழுவதையும் மாற்றுவதா, உற்பத்தி நடக்கும்போதே லூப் லூப்பாக (அளவுக் கருவி, அதற்கான கட்டுப்பாடு, வால்வு ஆகியவை சேர்ந்தது ஒரு லூப்) மாற்றுவதா என்பதைப் பொறுத்தே பேனல்களுக்கான இடம், யுபிஎஸ் திறன், தேவைப்படும் ஆட்கள் ஆகிய அனைத்தும் அமைகின்றன. ஓட்டத்திலேயே மாற்றுவதென்றால் பழையதும் புதியதும் சில காலம் அருகருகே இயங்க வேண்டும். அதற்கான இடமும் குளிரூட்டும் வசதியும் கட்டுப்பாட்டு அறையில் உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது கள ஆய்வு. வரைபடங்களை மட்டும் நம்பி ஐஓ பட்டியலை (அமைப்புக்குள் வரும், வெளியே போகும் சிக்னல்களின் பட்டியல்) தயாரிக்காமல், களக் கேபிள்கள் வந்து சேரும் மார்ஷலிங் கேபினட்டுகளைத் திறந்து ஒவ்வொரு டெர்மினலையும் சரிபார்க்க வேண்டும். அவசரத்துக்குப் போட்டு அப்படியே விட்டுவிட்ட ஜம்பர் இணைப்புக் கம்பிகளும், எதற்கும் பயன்படாத கேபிள்களும் அங்குதான் வெளிப்படும். அழுத்தம், வெப்பநிலை போன்றவற்றை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் தருபவையாக, நல்ல நிலையில் இருந்தால், அவற்றையும் களக் கேபிள்களையும் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

நான் மிகவும் வலியுறுத்துவது, அளவு இலக்கிலிருந்து விலகும்போது வால்வை எவ்வளவு நகர்த்துவது என்று தீர்மானிக்கும் பிஐடி கட்டுப்பாட்டு எண்களைத்தான். ஓர் அமைப்பு விகிதாசாரப் பட்டையை (வால்வை முழு வீச்சுக்கும் நகர்த்தத் தேவையான விலகல்) சதவீதத்தில் கேட்கும், மற்றொன்று கெய்ன் (விலகலைப் பெருக்கும் எண்) கேட்கும். 100-ஐப் பட்டையால் வகுத்தால் கெய்ன் கிடைக்கும் என்பதால், 50 சதவீதப் பட்டை என்பது 2 என்ற கெய்னுக்குச் சமம். 50 என்ற எண்ணையே கெய்னாகப் பதிந்துவிட்டால், கட்டுப்பாட்டு வால்வு முழுவதும் திறப்பதும் மூடுவதுமாக அலையும். விலகல் நீடிக்கும்வரை தொடர்ந்து திருத்தும் ரீசெட்டை ஒன்று நிமிடத்துக்கு இத்தனை முறை என்று கணக்கிடும், இன்னொன்று விநாடிகளில் கணக்கிடும். அதன்படி நிமிடத்துக்கு 2 முறை என்பது 30 விநாடியாகிறது. சமன்பாட்டின் வடிவமும் வேறுபடுவதால், மாற்றும் முறையை லூப் வாரியாக இந்தக் கட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

பழைய அலாரங்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இயல்பான இயக்கத்தில் ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்பது அலார மேலாண்மைக்கான ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டியின் அளவுகோல். கணினிகளின் இயங்குதளம் டிசிஎஸ்ஸுக்கு முன்பே காலாவதியாகிவிடலாம்; விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் முடிந்ததை நினைவில் கொண்டு, ஆபரேட்டர் கணினிகளை இடையில் எப்படிப் புதுப்பிப்பது என்பதையும் விவரக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஆபத்தான நிலையில் இயந்திரங்களைத் தானாக நிறுத்தும் இண்டர்லாக்குகளின் அட்டவணையை ஷிப்டில் வேலை செய்யும் ஆபரேட்டர்களோடு அமர்ந்து வரி வரியாகச் சரிபார்த்து, அவர்களின் கையொப்பத்தையும் பெற்ற பிறகே விலைப்புள்ளி கேட்கலாம்.