எழும்பாத பலூன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் விழாவுக்காக ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பட்டத் தாளை ஒட்டி, இரண்டடி அகலத்தில் ஒரு வெப்பக் காற்றுப் பலூன் செய்தார்கள். ஹேர் டிரையரால் சூடேற்றினோம். உப்பியதே தவிர எழும்பவில்லை. "புகை பத்தல டீச்சர்" என்கிறான் ஒரு பையன். சீனர்கள் விடும் வான்விளக்குப் போல அடியில் மெழுகுத்திரி கட்டலாமா என்று சக ஆசிரியர் கேட்கிறார். என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மெழுகுத்திரி வேண்டவே வேண்டாம். பலூன் கொஞ்சம் சாய்ந்தாலும் தாள் பற்றிக்கொள்ளும். எரிந்துகொண்டே செம்பனைக்குள் காய்ந்த மட்டைமேல் விழுமா, யார் வீட்டுக் கூரைமேல் விழுமா, யாருக்குத் தெரியும்?

உங்கள் பலூன் சின்னது, அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் காற்று விடியற்காலை 24 பாகை செல்சியஸில் சுமார் 1190 கிராம் எடை இருக்கும். டிரையரால் 60 பாகைக்குச் சூடானால் சுமார் 1060. இந்த 130 கிராம் வித்தியாசம்தான் பலூனைத் தூக்க வேண்டும். இரண்டடிப் பலூனுக்குள் கன மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு காற்றுதான் அடங்கும். அது 14, 15 கிராமைத் தூக்கும். மெல்லிய தாளே 20 கிராம் வந்துவிடும், பசை வேறு. எப்படி எழும்பும்?

அகலத்தை நாலடியாக்குங்கள். தாள் நாலு மடங்காகும், உள்ளே அடங்கும் காற்றோ எட்டு மடங்கு. பசையோடு பலூன் 90 கிராம் என்று வைத்தாலும் தூக்குவிசை 115 கிராம் பக்கம் வரும். 47 சென்டிமீட்டர் அகலம், 188 சென்டிமீட்டர் நீளத்தில் எட்டு இதழ்கள், ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். பசையில் கை தாராளம் வேண்டாம். கேக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய பலூன் தாள் வழியாகவே சூட்டை இழந்துகொண்டிருக்கும், ஒரு டிரையர் ஈடுகொடுக்காது. இரண்டு வையுங்கள், தனித்தனி சுவர் பிளக்கில். மண்டபத்தில் காற்றாடியை நிறுத்திவிட்டு, வாயில் தையல் நூல் ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு விடுங்கள்.

அந்தப் பையனை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1783 ஜூன் 4 அன்று பிரான்சின் அன்னோனே ஊரில் பெரிய பலூனை ஊரறிய ஏற்றிய மோங்கோல்ஃபியே சகோதரர்களும் அவன் கட்சிதான். காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள். புகையில்தான் தூக்கும் சக்தி இருக்கிறது என்று நம்பி வைக்கோலையும் கம்பளியையும் எரித்தார்கள். அவர்களிடம் ஹேர் டிரையர் இல்லை. உங்கள் மாணவனிடம் இருக்கிறது, அதில் புகை வராது. பெரிய பலூன் எழும்பினால் தன் கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிடுவான்.

நேரமும் முக்கியம். நம் ஊர் வெயிலுக்கு இது விடியற்காலை வேலை. மத்தியானம் 32 பாகை ஏறிவிட்டால் அதே நாலடிப் பலூனுக்கு 88 கிராம் தூக்குவிசைதான் மிஞ்சும், பலூனின் எடையோ 90. காலைச் சபைகூடலுக்கு முன் ஒரு தடவை ஏற்றிக் காட்டுங்கள். பன்னிரண்டு மணிக்கு அதையே மறுபடி விடச் சொல்லுங்கள். ஏன் எழும்பவில்லை என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். விழாவில் நடுவர்கள் கேட்கும்போது அந்தக் கணக்குத் தாளை நீட்டினால் போதும்.