கலிவரின் கயிறு

ஐயா,

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கரீபியன் கடலில் இறங்கிக் கப்பல்களை இழுத்துப் போகும் வில்லியம் ஆலன் ரோஜர்ஸின் 1904 கேலிச்சித்திரத்தைப் பார்த்தேன். ஜொனாதன் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ நாவலில் வரும் கலிவர்தான் என்று தெரிந்தது. ரோஜர்ஸ் அவரைப் புகழ்கிறாரா, பழிக்கிறாரா? அந்தக் காலப் படங்களில் இலக்கியம் வெறும் அலங்காரம்தானோ? ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியை ஆக்டோபஸாக வரைந்ததுகூட ஃபிராங்க் நாரிஸின் 1901 நாவலான ‘தி ஆக்டோபஸ்’-இலிருந்து வந்ததுதானே?

ச.

அன்புள்ள ச.,

ஆக்டோபஸை முதலில் முடித்துவிடுவோம். நாரிஸுக்கு 19 ஆண்டு முன்பே, 1882-இல், சான் பிரான்சிஸ்கோவின் ‘தி வாஸ்ப்’ இதழில் கெல்லர் ரயில் கம்பெனியை ஆக்டோபஸாக வரைந்துவிட்டார். பெயர் ஒத்துப்போனால் போதாது, ஆண்டையும் பாருங்கள்.

‘வெறும் அலங்காரம்’ என்றீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். இவ்வளவு கூர்ந்து பார்க்கிற நீங்கள் கலிவரை அடையாளம் கண்டதும் ஏன் நின்றுவிட்டீர்கள்? ஸ்விஃப்டின் முதல் பாகம், ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து படத்தின் பக்கத்தில் வையுங்கள்.

கலிவர் இரும்புக் கம்பிகளை மும்மூன்றாக முறுக்கி, முனையை வளைத்து 50 கொக்கிகள் செய்கிறார். 50 வடங்களில் கட்டுகிறார். குட்டி மனிதர்களின் நாடான லில்லிபுட்டுக்கு எதிரியான பிளெஃபஸ்குவின் கப்பல்களில் மாட்டி இழுத்தால் ஒன்றுகூட அசையவில்லை, நங்கூரம் பிடித்திருக்கிறது. கத்தியால் நங்கூர வடங்களை அறுத்து முடிப்பதற்குள் முகத்திலும் கையிலும் 200-க்கு மேல் அம்புகள். கண்ணைக் காப்பாற்றியது மூக்குக்கண்ணாடி.

இப்போது படத்துக்கு வாருங்கள். கயிறு இருக்கிறது, கப்பல்கள் இருக்கின்றன, மூக்குக்கண்ணாடி ரூஸ்வெல்ட்டுக்குச் சொந்தமாகவே உண்டு. அம்பு இல்லை; எய்ய ஆளில்லை. தோளில் உள்ள தடி ஸ்விஃப்டிடம் கிடையாது. ‘மெல்லப் பேசு, பெரிய தடியை வைத்துக்கொள்’ என்று 1901-இல் மினசோட்டா கண்காட்சியில் ரூஸ்வெல்ட் பேசினாரே, அந்தத் தடி. எல்லாவற்றையும் விடக் கப்பல்களைக் கவனியுங்கள். கலிவர் இழுத்தது எதிரியின் கடற்படையை, ஒரே தடவை, படையெடுப்பைத் தடுக்க. ரூஸ்வெல்ட் இழுப்பது தன் நாட்டுக் கடற்படையை. அவற்றின் மேல் ‘ஷெரிஃப்’, ‘கடன் வசூலிப்பவர்’ என்று எழுதியிருக்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. மிச்சக் கப்பல்களையும் கொண்டு வா, பிளெஃபஸ்குவை என் மாகாணமாக்கு என்கிறார் லில்லிபுட் மன்னர். சுதந்திரமான ஒரு மக்களை அடிமையாக்க நான் கருவியாக மாட்டேன் என்கிறார் கலிவர். அந்த மறுப்பை மன்னர் மன்னிக்கவே இல்லை. ரூஸ்வெல்ட்டோ 1904 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், அண்டை நாடுகள் கடமை தவறினால் அமெரிக்கா போலீஸ் வேலை பார்க்கும் என்றார். 1905-இல் டொமினிக்கன் சுங்க வசூல் அமெரிக்கர் கைக்குப் போனது. கலிவர் முடியாது என்ற வேலை இது. அலங்காரம் என்று இதையா சொல்கிறீர்கள்?

அடுத்து, அதே ரோஜர்ஸ் 1906 அக்டோபரில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் பத்திரிகை அதிபர் ஹர்ஸ்டை ஓஸ் கதையின் வைக்கோல் பொம்மையாக வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன் அந்த ஓஸ் கதையை, அதாவது பாமின் 1900 நாவலைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அந்தப் பொம்மை முடிவில் மரகத நகரத்தை ஆள்கிறது. ஹர்ஸ்ட் அப்போது நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார்.