கர்ப்பகாலத்தில் பாப் ஸ்மியர் ரிப்போர்ட் சரியில்லை என்று வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 14 வாரம். முதல் செக்கப்பில் எடுத்த பாப் ஸ்மியரில் 'எல்.எஸ்.ஐ.எல்.' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இது கேன்சரா?

இல்லைம்மா. கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்களில் லேசான மாற்றம் தெரிகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றின் தடயம். பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அந்த வைரஸை அடக்கிவிடும். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் ஸ்மியர் ஒரு சல்லடை மாதிரி. சந்தேகம் உள்ளவர்களைப் பிரித்துக் காட்டும், நோயை உறுதி செய்யாது.

கர்ப்பகாலத்தில் மருத்துவர் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: திசுவுக்குள் ஊடுருவிய புற்றுநோய் இருக்கிறதா? இல்லை என்று தெரிந்துவிட்டால் மற்ற எல்லாமே பிரசவம் வரை காத்திருக்கும். எல்.எஸ்.ஐ.எல்., அதைவிட லேசான 'ஏ.எஸ்.சி.-யு.எஸ்.' இரண்டிலும் கால்போஸ்கோபியை (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கியில் பார்க்கும் பரிசோதனை) இப்போதே செய்யலாம், பிரசவமாகி 6 வாரம் கழித்தும் செய்யலாம். புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள ஹெச்.பி.வி. 16 வகையும் சேர்ந்து வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: ஸ்மியர் அனுப்பிய சீட்டில் 'கர்ப்பிணி' என்று எழுதியிருந்ததா என்று கேளுங்கள். கர்ப்ப ஹார்மோனால் மாறும் செல்கள் சில நேரம் கெட்ட செல்கள் போலவே தெரியும். லேபுக்குத் தகவல் போகாவிட்டால் ரிப்போர்ட்டே தப்பாகலாம்.

கேள்வி: 18 வாரம். ரிப்போர்ட்டில் 'ஹெச்.எஸ்.ஐ.எல்.'. கால்போஸ்கோபி செய்து, தேவைப்பட்டால் பயாப்ஸியும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். குழந்தைக்கு ஆபத்து வருமா?

ஹெச்.எஸ்.ஐ.எல். என்றால் செல்களில் தீவிரமான மாற்றம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பரிசோதனையில் எதுவும் கர்ப்பப்பைக்குள் போவதில்லை. ஸ்மியருக்கு வைத்த அதே ஸ்பெகுலத்தை (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். மாறிய திசு வெள்ளையாக வெளுத்துக் காட்டும். லேசாக எரியும், அவ்வளவுதான். 10, 15 நிமிட வேலை.

ஆனால் பார்ப்பவருக்குக் கர்ப்பிணிகளைப் பார்த்த அனுபவம் வேண்டும். கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாய் நீலம் பாய்ந்து வீங்கியிருக்கும்; கெட்டியான சளி மூடியிருக்கும். பிறப்புறுப்பின் பக்கச் சுவர்கள் தளர்ந்து உள்ளே சரிந்து பார்வையை மறைக்கும். அதற்கு ஸ்பெகுலத்தின் மேல் நுனி வெட்டிய ஆணுறையை மாட்டிச் சுவர்களை ஒதுக்குவார்கள், பயப்படாதீர்கள். உங்களுக்குச் சாதகமான விஷயமும் உண்டு: மாதம் ஏற ஏற உள்பகுதி வெளிப்பக்கம் மலர்ந்து வருவதால், உள்தோலும் வெளித்தோலும் சேரும், பார்க்க வேண்டிய எல்லைக்கோடு 20 வார வாக்கில் நன்றாகவே தெரியும்.

பயாப்ஸி என்றால் மிக மோசமாகத் தெரிகிற ஓரிரு இடத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கிள்ளி எடுப்பது. ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். அழுத்திப் பிடித்து மான்செல் பசை தடவினால் நின்றுவிடும். அந்தப் பசை கரைந்து காப்பித்தூள் போலக் கருப்பாக இரண்டு, மூன்று நாள் வரும். அது பழைய ரத்தமோ என்று பதற வேண்டாம். இந்தக் கிள்ளலால் கருச்சிதைவு கூடுவதில்லை.

கர்ப்பத்தில் செய்யவே கூடாதவை உண்டு. கர்ப்பப்பை வாய்க் குழாயைச் சுரண்டி எடுப்பது ஒன்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று லீப் முறையில் அந்தப் பகுதியையே வெட்டி எடுப்பது இன்னொன்று. ரத்தப்போக்கும் குறைப்பிரசவமும் வரலாம். ஊடுருவிய புற்றுநோய் என்று வலுவான சந்தேகம் வந்தால் மட்டுமே வெட்டி எடுப்பதை யோசிப்பார்கள். பயாப்ஸியில் சி.ஐ.என். 2 அல்லது 3 (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் நடுத்தர, தீவிர நிலைகள்) வந்தாலும் கர்ப்பத்தில் சிகிச்சை கிடையாது. 12 முதல் 24 வாரத்துக்கு ஒருமுறை கால்போஸ்கோபியில் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே சரி. அந்தச் சில மாதத்தில் அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம்.

கேள்வி: என் மனைவிக்கு 22 வாரம், ஹெச்.பி.வி. 16 பாசிட்டிவ். சிசேரியன் செய்தால்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்றும் வீட்டில் பேச்சு.

இரண்டாவதற்கு முதலில் பதில். இந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இதை வைத்து உங்கள் மனைவியை யாரும் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்காதீர்கள்.

ஹெச்.பி.வி.க்காகவோ சி.ஐ.என்.னுக்காகவோ சிசேரியன் தேவையில்லை, சுகப்பிரசவமே ஆகலாம். குழந்தையின் குரல்வளையில் மரு வருகிற நோய் ஒன்று உண்டு, ஆனால் அது 6, 11 என்ற வகைகளால் வருவது, 16-ஆல் அல்ல. அதுவும் அபூர்வம். பெரிய மருக்கள் பிறப்புப் பாதையை அடைத்தாலோ, ஏற்கெனவே ஊடுருவிய புற்றுநோய் இருந்தாலோதான் சிசேரியன் பேச்சு வரும். அவருக்கு இப்போது வேண்டியது கால்போஸ்கோபி. ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் 16 வந்தால் அதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: தாம்பத்தியத்துக்குப் பிறகு சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டது. 'கர்ப்பப்பை வாய்ப்புண்' என்றார்கள். மருந்து போட வேண்டுமா?

பெயர்தான் புண். உள்ளே இருக்கும் மெல்லிய சிவந்த தோல் ஹார்மோனால் வெளியே மலர்ந்திருக்கிறது, தொட்டால் கசியும். சிகிச்சை வேண்டாம். ஆனால் நேரில் பார்த்து உறுதி செய்யாமல் 'புண்தான்' என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால்தான் பாலிப்பா, தொற்றா, வேறு கட்டியா என்று தெரியும். மாதம் ஏறியவர்களுக்கு ரத்தம் பட்டால், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

ஸ்மியர் எடுத்த பிறகு ஒன்றிரண்டு நாள் திட்டுத் திட்டாகப் படுவது சகஜம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால், வயிற்றுவலி சேர்ந்தால், தண்ணீர் போல ஒழுகினால் உடனே மருத்துவமனை. ரத்த வகை நெகட்டிவ் என்றால், 12 வாரத்துக்கு மேல் ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்மியரில் 'இன்ஃப்ளமேஷன்' என்று இருக்கிறது. வெள்ளைப்படுதலும் அரிப்பும் உண்டு.

அழற்சி என்று மட்டும் வந்தால் அது கேன்சர் சந்தேகம் இல்லை. மெல்லிய, வாடையில்லாத வெள்ளைப்படுதல் கர்ப்பத்தில் இயல்பு. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பூஞ்சை: க்ளோட்ரிமசோல் 100 மி.கி., 7 இரவு உள்ளே வைக்கும் மாத்திரை. ஒரே வேளையில் விழுங்கும் ஃப்ளூகோனசோலைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் வந்தால் பாக்டீரியா, பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ். இரண்டுக்கும் மெட்ரோனிடசோல் 500 மி.கி. காலை, இரவு 7 நாள், மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு. ட்ரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு லீப் செய்தேன். இப்போது 12 வாரம்.

எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. 16 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரவில் உள்ளே வைக்கும் ப்ரோஜெஸ்ட்ரோன் தருவார்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டேன்.

அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மீதி டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு போடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம்.

கேள்வி: பிரசவம் நல்லபடியாக முடிந்தது, எந்தத் தொந்தரவும் இல்லை. சி.ஐ.என். 2-க்காகத் திரும்பப் போக வேண்டுமா?

கட்டாயம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அது தானே மறைகிறது, உண்மைதான். மறையாதவர்களுக்கும் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. தொந்தரவு இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 4 வாரத்துக்கு முன்னால் பார்த்தால் ஆறாத திசு குழப்பும், அதனால் 6 வார செக்கப்போடு கால்போஸ்கோபிக்கும் தேதி வாங்கிவிடுங்கள். கைக்குழந்தையோடு இது மறந்துபோகும். குழந்தையின் முதல் தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்.