மேற்கோள் காட்டியவர்களை வாசித்தீர்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளை எம்.ஆர்.ஐ படங்களில் கட்டியின் எல்லையைக் கணினியால் பிரித்தெடுப்பது என் ஆய்வு. கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் என் எச்-இண்டெக்ஸ், மேற்கோள்களைத் திரட்டும் தளங்களான கூகுள் ஸ்காலரில் 11, ஸ்கோபஸில் 8. வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். எதைக் குறிப்பிடுவது? என்னுடன் ஆய்வு முடித்தவருக்கு 19. அடுத்த கட்டுரையை மூன்றாகப் பிரித்து வெளியிடச் சொல்கிறார்கள். சோர்வாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டையும் எழுதுங்கள், எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்பதோடு. ஸ்காலர் ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றும் வரைவு), ஆய்வேடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளும். ஸ்கோபஸ் தான் தேர்ந்த இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டுமே பெரும்பாலும் எண்ணும். வித்தியாசம் வரத்தான் செய்யும்.

மூன்றாக வெட்டுவதா? வேண்டாம். ஒரே நோயாளிகளின் தரவு மூன்று கட்டுரைகளில் வந்தால், பின்னால் தொகுத்துப் பார்ப்பவர் அவர்களை மூன்று தடவை எண்ணிவிடுவார். மேலே பேச ஒன்றுமில்லை.

அந்த 19-க்கு வருகிறேன். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்டுக்கொடுத்த கணக்குதான் எச்-இண்டெக்ஸ். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கினால், பதினோராவதற்குக் குறைந்தது 11 இருந்து பன்னிரண்டாவதற்கு 12 இல்லையென்றால், உங்கள் எண் 11. முதல் கட்டுரை மூவாயிரம் மேற்கோள் பெற்றிருந்தாலும் இங்கே அது ஓர் உருப்படிதான். பெயர் முதலில் வந்ததா, நாற்பதாவதாக வந்ததா என்பதும் இதற்குத் தெரியாது. மூளைக்கட்டியைப் பிரித்தெடுக்கும் முறைகளை ஒப்பிடும் பிராட்ஸ் போட்டி பற்றி 2015-ல் வந்த கட்டுரைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அது முழுசாக ஏறியிருக்கிறது. நண்பர் எத்தனை கட்டுரைகளில் முதல் ஆசிரியர் என்று பார்த்தீர்களா? பார்க்காமலே புழுங்குகிறீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. உங்களை மேற்கோள் காட்டியவர்களை நீங்கள் வாசித்ததாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. எண் மட்டும் மனப்பாடம்!

உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். அதிகம் மேற்கோள் பெற்ற உங்கள் மூன்று கட்டுரைகளை எடுங்கள். மேற்கோள் காட்டிய ஒவ்வொன்றையும் திறந்து, உங்கள் பெயர் எந்தப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். சொந்தக் குழு எழுதியவற்றை முதலில் கழியுங்கள். முன்னுரையில் "பல முறைகள் முன்வைக்கப்பட்டுள்ளன" என்ற வாக்கியத்தின் வாலில் எட்டுப் பேரோடு தொங்குபவை இன்னொரு குவியல். பெரும்பாலும் அதுதான் பெரியது. அங்கே உங்கள் சுருக்கத்தைத் தாண்டி யாரும் போயிருக்க மாட்டார்கள். மிஞ்சுபவர்கள் உங்கள் நிரலை ஓட்டியவர்கள். அவர்களை வரி வரியாக வாசியுங்கள்.

அங்கேதான் வயிறு எரியும். உங்கள் கணினி மாதிரி (மாடல்) எல்லாத் திசையிலும் 1 மி.மீ. உள்ள வாக்ஸலில், அதாவது முப்பரிமாணப் படப்புள்ளியில், பயின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 5 மி.மீ. தடிமன் உள்ள ஸ்கேன் துண்டுகளை அப்படியே ஊட்டுகிறார், உங்கள் வாக்ஸல் அளவுக்கு மாற்றவில்லை. கணினி வரைந்த கட்டி நிபுணர் வரைந்ததோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் டைஸ் மதிப்பெண் சரிகிறது. தன் முறையை மாதக்கணக்கில் மெருகேற்றியவர், உங்களுடையதை இயல்பு அமைப்பில் ஒரு தடவை ஓட்டிவிட்டு "முந்தைய முறை தோற்றது" என்று அட்டவணை போடுகிறார். ஸ்கோபஸுக்கு அதுவும் ஒரு மேற்கோள். இன்னொருவர் உங்களை மிஞ்சியதாகச் சொல்வார். போய்ப் பார்த்தால் நோயாளிவாரியாகப் பிரிக்காமல் துண்டுவாரியாகப் பிரித்திருப்பார். ஒரே மூளையின் அடுத்தடுத்த துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கிடந்தால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? உண்மையிலேயே வேறொரு ஸ்கேனரில் உங்கள் முறை உடைந்ததைக் காட்டியவர் ஒருவர் அகப்பட்டால் அவருக்குக் கடிதம் எழுதுங்கள். உங்கள் அடுத்த கட்டுரை அவரிடம் இருக்கிறது.

இயற்பியலாளர் கோர்மாக் 1963-லும் 64-லும் எழுதிய இரண்டு கட்டுரைகளில் சி.டி ஸ்கேனுக்கான கணிதம் இருந்தது. அநேகமாக யாரும் சீண்டவில்லை. சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையம் ஒன்று பிரதி கேட்டதாம், மலைமேல் படிந்த பனியை அளக்க! 1979-ல், சி.டி ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. மேற்கோளே இல்லாமல் கிடக்கும் கட்டுரைகளில் பலவும் அப்படிக் கிடக்க வேண்டியவைதான்.

விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸுக்கு ஒரு வரி போதும். அதன் கீழே, உங்கள் நிரலை எத்தனை வெளிக் குழுக்கள் ஓட்டின, எந்தத் தரவில், டைஸ் எவ்வளவு மாறியது என்று நான்கு வரி எழுதுங்கள். கூடவே, நிரலோடு வைக்கும் ரீட்மீ கோப்பில் வாக்ஸல் அளவைப் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். போட்டிருக்க மாட்டீர்கள்.