இடப்பக்கம் இழுக்கும் கேன்டர்: அலைன்மென்டுக்கு முன் எடைமேடை

பெர்த்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஃபியூசோ கேன்டர் நான்கு சக்கர இயக்க லாரியின் மேல் தங்கும் அறை கட்டி, குடும்பத்துடன் மேற்கு ஆஸ்திரேலியாவின் சரளைப் பாதையான கிப் ரிவர் சாலையில் பயணம் போய் வந்திருக்கிறார். திரும்பியது முதல் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன் இடது டயரின் வெளி ஓரமும் வேகமாகத் தேய்கிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சீரமைத்தல்) செய்தும் குறை தீரவில்லை, மூன்றாம் முறை வேறு கடைக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியின் முன்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே கூட்டில் தாங்கும் திட அச்சு. அதில் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளோ வெளியோ சாயும் கோணம், அச்சோடு நிலைத்துவிட்டது. காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சாணி முன்பின்னாகச் சாயும் கோணம்) மாற்ற வேண்டுமானால் பட்டைக்கும் (சுமை தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் சாதாரணமாகத் திருப்பக்கூடியது இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் கம்பி ஒன்றைத்தான், அதாவது டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும். டோ தவறினால் டயர் தேயும், வண்டி அலையும். ஆனால் நிலையாக ஒரே பக்கம் இழுக்காது, ஏனெனில் இரு சக்கரங்களும் ஒரே டை ராடில் கோத்திருப்பதால் ஓட்டத்தில் பிழை இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். இழுப்புக்குக் காரணமல்லாத ஒன்றை இரண்டு முறை திருத்தியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

உண்மையில் இழுக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றாலும் வண்டி நேராகப் போனால் அது இழுப்பல்ல. ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால் சாலையின் சரிவு எப்போதும் உங்களை இடது ஓரத்துக்கே இறக்கும். பெர்த்தின் பிற்பகல் கடற்காற்றும் உயரமான பெட்டியைத் தள்ளும். வெறிச்சோடிய சமதளத்தில், காலை வேளையில், போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் இடப்பக்கமே போனால் குறை வண்டியில்தான்.

அடுத்து எடைமேடை. பயண லாரி சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியல்ல. தண்ணீர், டீசல், பேட்டரி, அடுப்பு எல்லாம் ஆயுள் முழுவதும் அதன் மேலேயே இருக்கும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரிகளும் இடப்பக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றாலே 200 கிலோ. தொட்டிகளை நிரப்பி, ஆட்களும் ஏறியபின், நான்கு சக்கரங்களையும் தனித்தனியே எடை போடுங்கள். ஓர் அச்சின் இருபுறத்துக்கும் 100 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் சாமான்களை இடம் மாற்றச் சொல்வது என் வழக்கம்.

எடைக்கும் இழுப்புக்கும் உள்ள தொடர்பு பட்டையில் இருக்கிறது. பட்டையின் ஒரு முனை அசையாமல் பொருந்தியிருக்கும். மறுமுனை ஷாக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் ஆடும். சுமை ஏறிப் பட்டை தட்டையானால் அதன் நீளம் கூடி, அச்சின் அந்தப் பக்கம் ஷாக்கிளை நோக்கி நகரும். ஷாக்கிள் பின்னால் இருக்கும் வண்டியில், முன் இடது பட்டை அதிகம் அமுங்கினால் முன்னச்சு இடப்பக்கம் பார்க்கத் தொடங்கும். பின்னச்சில் இதே கோணல் வந்தால் விளைவு நேர் எதிர்: வால் இடப்பக்கம் போக, மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஆகவே ஒரு கோணல் இன்னொன்றை மறைத்துக்கொண்டும் இருக்கலாம். சட்டத்தில் உள்ள ஒரே துளையிலிருந்து ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) நடு வரை இருபுறமும் டேப் பிடித்து அளந்தால் இது தெரிந்துவிடும். சரளையின் அலைமேடுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கிய வண்டி என்பதால், பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நழுவியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பளபளப்பான உரசல் கோடோ துருவின் செந்தூளோ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

எடை சரியென்றால், குளிர்ந்த டயரில் ஒரே அளவியால் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுப்பும் திசை மாறினால் குற்றவாளி டயர்தான். மாறாவிட்டால் பிரேக் பிடிப்பு: இருபது கிலோமீட்டர் ஓட்டி, கூடியவரை பிரேக் மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு முன் ஹப்புகளையும் பாருங்கள். இடது தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தப் பிரேக் விடுபடவில்லை. பின்னச்சின் இரட்டைச் சக்கரங்களை நீக்கி அகலமான ஒற்றைச் சக்கரம் பொருத்தும்போது முன் ரிம்மின் ஆஃப்செட்டும் (ரிம் உள்ளோ வெளியோ தள்ளி அமரும் அளவு) மாறியிருந்தால், முன்பு கைக்கே தெரியாத சிறு பிடிப்புகூட ஸ்டியரிங்கில் பெரிதாகத் தெரியும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

இனி தேய்மானம். டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம்போல் கையில் தட்டுவதாகவும் இருந்தால் டோ-இன் (முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். மாறாக இருந்தால் டோ-அவுட் (வெளிநோக்கித் திரும்பியிருப்பது). ரம்பமே இல்லாமல் வெளி ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பரையோ கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊர் ரவுண்டபவுட்களில் எப்போதும் வலப்பக்கமாகவே வளைகிறீர்கள். உயரமான வண்டி ஒவ்வொரு முறையும் முன் இடது டயரின் வெளி ஓரத்தில்தான் சாய்கிறது. நகரத்திலேயே ஓடும் வண்டிக்குச் சிறிது தேய்மானம் இயல்பே.

இவையெல்லாம் முடிந்தபின் அலைன்மென்டுக்குப் போங்கள், ஆனால் பயணச் சுமையுடன் போங்கள். டயரைப் பெரிதாக்கியிருந்தால் கடைக்காரரிடம் அதையும் சொல்லுங்கள்: 800 மில்லிமீட்டர் விட்டத்தில் 2 மில்லிமீட்டர் காட்டும் டோ கோணம், 900 மில்லிமீட்டர் டயரின் விளிம்பில் அளந்தால் 2.25 காட்டும்.

ஓரம் தேய்ந்த டயரை முன்னால் திரும்ப மாட்டாதீர்கள். குறை சரியான பிறகும் அதன் வடிவமே வண்டியை இழுக்கும். பின்னச்சுக்குத் தள்ளுங்கள், இருபுறமும் சுற்றளவு நெருங்கியிருக்கும்படி ஜோடி சேர்த்து. புதிதாக முன்னால் வரும் டயர்களில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் ஆழம் அளந்து எழுதி வையுங்கள். 2,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து, இரண்டு வரிசை எண்களையும் சக்கரவாரி எடையையும் எனக்கு அனுப்புங்கள்.