வேதாரண்யம் பக்கத்து வீடுகளுக்கு: புயல் காலக் கேள்வி பதில்

நம் பக்கத்தைப் புரட்டிப்போட்ட புயல்கள் பெரும்பாலும் நவம்பரில்தான் வந்திருக்கின்றன. 1952, 1977, அப்புறம் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நான் இப்போது ஊர்ப் பேரிடர்க் குழுவில் இருக்கிறேன். வேதாரண்யம், தலைஞாயிறு ஒன்றியங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எங்களுடையது ஓட்டு வீடு. கஜாவையே தாங்கிவிட்டது. அடுத்த புயலுக்கும் முகாமுக்குப் போகத்தான் வேண்டுமா? (புஷ்பவனம்)

போகத்தான் வேண்டும் தம்பி. கஜா கரையேறியபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டர், இடையிடையே 140 வரை வீசியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரிலும் கூரையிலும் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒருமுறை அந்த ஆட்டம் ஆடிய வீட்டில் ஆணி தளர்ந்திருக்கும், சட்டம் விலகியிருக்கும், உத்திரம் சுவரில் உட்காரும் இடம் விரிந்திருக்கும். அதெல்லாம் வெளியே தெரியாது. போன தடவை தாங்கியது என்பதை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கிழக்கிலிருந்து வரும் புயலின் கண் நம் ஊர் மேலேயே கடந்தால் முதலில் வடக்கேயிருந்து அடிக்கும். பிறகு திடீரென்று ஓய்ந்துவிடும், மழைகூட நிற்கலாம். முடிந்துவிட்டது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டையும் கூரையையும் பார்க்க வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். வடக்குக் காற்றில் பாதி சாய்ந்து நின்ற மரமும் சுவரும் அப்போதுதான் விழும். அதிகாரிகள் சொல்லும்வரை யாரும் வெளியே வரக் கூடாது.

பல்நோக்குப் பேரிடர் மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். இருட்டில், காற்று ஏறியபிறகு நடுரோட்டில் நிற்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் அம்மா? ஆளுக்கு ஒரு பட்டியல் சொல்கிறார்கள். (தோப்புத்துறை)

பட்டியலைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எல்லோரும் புயலடிக்கும் அந்த ஒரு ராத்திரிக்குத்தான் தயாராகிறார்கள். நம்மை வாட்டுவது அதற்குப் பிறகு வரும் நாட்கள். கஜாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. நமக்குக் குடிதண்ணீர் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அத்தனை தூரம் வருகிறது. கரண்ட் போனால் குழாயும் போச்சு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஊர் ஊராக ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டியதை நம் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர். மூடியுள்ள டிரம், குடம், கேன், எதிலாவது புயலுக்கு முந்தின நாளே பிடித்து வையுங்கள். சிண்டெக்ஸ் தொட்டியையும் நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும், நிறைந்த தொட்டி நகராது. புழங்குவதற்கு மழைத் தண்ணீர் போதும்.

அடுத்தது அடுப்பு. கேஸ் தீர்ந்தால் மாற்று சிலிண்டர் வரப் பாதை இருக்காது. அரிசி, பருப்பு, உப்போடு காய்ந்த விறகும் கொஞ்சம் நனையாத இடத்தில் இருக்கட்டும். தீப்பெட்டியை மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். அவல், பொரிகடலை, வெல்லம் இருந்தால் அடுப்பே மூட்டாமல் இரண்டு நாள் ஓட்டலாம்.

பேட்டரி ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். செல் டவர் படுத்துவிட்டால் காரைக்கால் வானொலிதான் செய்தி. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முகாமுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். நிவாரணம் வாங்கும்போது முதலில் கேட்பது ரேஷன் கார்டைத்தான்.

துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு, 10ஆம் எண் கூண்டு என்கிறார்களே, எப்போது பயப்பட வேண்டும்? (ஆயக்காரன்புலம்)

கூண்டு கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உள்ளது. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் கடும் புயல், பெரிய அபாயம். அதில் 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். உங்கள் ஊர் உள்ளே இருப்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது மாவட்டத்துக்கு விடும் நிற எச்சரிக்கையை. ஆரஞ்சு வந்தால் வீட்டு வேலைகளை முடித்துவிடுங்கள். சிவப்பு வந்தால் கிளம்பத் தயாராக இருங்கள்.

கடல் ஊருக்குள் ஏறுமா அக்கா? (ஆறுகாட்டுத்துறை)

ஏறும். புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவது அந்தப் பக்கம்தான். தெற்கே இருந்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. கோடியக்கரையில் கரை திரும்பி, நமக்குக் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல். கஜாவில் கடல் சேறு எங்கெல்லாம் ஏறிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். கடலோரக் குடும்பங்கள் கூரை வீடோ மாடி வீடோ, சொன்னவுடன் கிளம்ப வேண்டும்.

சுனாமி வேறு. 2004இல் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, இப்போது எச்சரிக்கை வரும். ஆனால் கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினால் எதற்கும் காத்திருக்காமல் மேட்டைப் பார்த்து ஓடுங்கள்.

பசு இரண்டு, கன்று ஒன்று. முகாமுக்கு ஓட்டிப்போக முடியாதே? (தகட்டூர்)

மேடான இடத்துக்கு ஓட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். கொட்டகையில் கட்டிப்போட்டால் கூரை அதன்மேல் விழும், இல்லையென்றால் தண்ணீர் ஏறும்போது கட்டுத்தறியிலேயே சாகும். வைக்கோலைத் தார்ப்பாயில் மூடி மேலே கயிறு போட்டு இறுக்குங்கள். காயம்பட்டால் 1962க்குப் போன் செய்யுங்கள்.

தென்னையைக் காப்பாற்ற வழி உண்டா? (தேத்தாகுடி)

எச்சரிக்கை வந்த முதல் நாளே முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். அடியில் மண் அணையுங்கள். காற்று தொடங்கியபிறகு யாரையும் மரமேற்றாதீர்கள். சாய்ந்த இளங்கன்றுகளை உடனே நிமிர்த்தி முட்டுக்கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. காய்க்கிற பெரிய மரத்துக்கு இதெல்லாம் ஓரளவுதான் உதவும். பத்து வருஷம் பிள்ளையைப் போல வளர்த்த தோப்பு போவதைப் பார்த்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

சம்பா மூழ்கினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? (தலைஞாயிறு)

கட்டியிருந்தால்தானே கிடைக்கும். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அன்றைக்கு சர்வர் நெரிசலில் நிற்காமல் அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது ஒன்றரை சதவீதம்தான். பொதுவாக உங்கள் ஒரு வயலைப் பார்த்து நஷ்டம் கணக்கிடுவதில்லை. அறுவடைச் சோதனையில் வரும் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அறுத்துக் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் 14447இல் சொல்லிவிட வேண்டும். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைமடையில் வயல் வடிவது வாய்க்காலைப் பொறுத்தது. கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஆறே தண்ணீரை வாங்காது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் இன்னும் மோசம். செப்டம்பரிலேயே பஞ்சாயத்தில் போய் உட்காருங்கள்.

வெள்ளம் வடிந்தபிறகு கிணற்றுத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது? (வாய்மேடு)

முதலில் கலங்கிய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற விடுங்கள். கலங்கலில் பிளீச்சிங் பவுடர் போட்டால் வீண். பிறகு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. 2 மீட்டர் அகலமுள்ள உறைக்கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்கு 25 கிராம் போதும்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்க வேண்டும். லேசாகக் குளோரின் வாசம் வர வேண்டும். வாசமே இல்லாத பழைய பவுடரால் பயனில்லை. குடிக்கும் தண்ணீரை அதற்குமேலும் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கடல்நீர் புகுந்த கிணறு என்றால் உப்பு இதனால் போகாது. அது பாத்திரம் கழுவத்தான்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

தண்ணீர் ஏறினால் பாம்பு வீட்டுக்குள் வருகிறதே அக்கா? (கரியாப்பட்டினம்)

அதற்கும் மேடு வேண்டுமே. தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் கொசுவலை கட்டி விளிம்பைப் பாய்க்கடியில் செருகுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிறு வலித்து, கண் இமை செருகினால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது.

மகளுக்கு நவம்பர் கடைசியில் பிரசவ நாள். மாமியாருக்குத் தினமும் இன்சுலின். (செம்போடை)

புயல் எச்சரிக்கை வந்ததும் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மரம் விழுந்த ரோட்டில் 108ஆல் வர முடியாது. உங்கள் ஊர் செவிலியரிடம் இன்றைக்கே பிரசவ நாளைச் சொல்லி வையுங்கள். அவர்களிடம் அதற்கென்று பட்டியல் இருக்கும். இன்சுலின் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்குங்கள். ஃபிரிட்ஜ் ஓடாதபோது புட்டியைத் தண்ணீர் படாத டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். முகாமுக்குப் போகும்போது ஊசியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போன் செய்ய வேண்டும்? (பலர்)

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, அவசரம் 112. அறுந்த கம்பியைப் பார்த்தால் தொடாமல், யாரையும் கிட்டே விடாமல் 94987 94987இல் சொல்லுங்கள். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், செல்லில் சார்ஜ் இருக்காது. பக்கத்தில் தனியாக இருக்கும் பாட்டிகள் யார், அவர்களை முகாமுக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் அந்தக் காகிதத்திலேயே பெயரோடு எழுதிவிடுங்கள்.